வியூஸ் வந்தாச்சு... விடுபட்டவங்க யாரு? வடசென்னை தேவாலயங்களும் டிஜிட்டல் தொடர்பும்

2023 டிசம்பர் 26. கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள். சுனாமியின் 19-ம் ஆண்டு நினைவு நாளும்கூட. அன்று நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் எண்ணூர் பெரியகுப்பத்தில் திடீரென கடுமையான நெடி. கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்குக் கடலுக்கடியில் அமோனியா கொண்டுவரும் குழாயில் கசிவு. கண் எரிச்சலும் மூச்சுத் திணறலுமாக மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு வெளியே ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

இப்படி ஒரு இரவில் எல்லோர் கையிலும் செல்போன் இருக்கும். ஆனால் தேவைப்படும் பதில்கள் வேறு. என்ன கசிந்தது? எந்தப் பக்கம் போகணும்? தனியாக இருக்கும் பாட்டியை யார் கூட்டிட்டு வர்றது?

ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான இந்தக் கடலோரத்தில், எந்தத் தெருவில் எந்தக் குடும்பம், யாருக்கு உடம்பு முடியவில்லை என்பதைத் தெரிந்து வைத்திருக்கும் அமைப்புகள் சில உண்டு. மீனவ கிராமப் பஞ்சாயத்து ஒன்று. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் போன்ற வழிபாட்டுத் தலங்கள் இன்னொன்று. இதில் தேவாலயங்கள் கொரோனாவுக்குப் பிறகு டிஜிட்டலுக்குள் வேகமாக வந்துவிட்டன. ஞாயிறு லைவ், தினமும் காலையில் ஒரு வசனப் படம், வாட்ஸ்அப் குரூப். இவ்வளவும் இருந்தும் மக்களை உண்மையிலேயே எட்டுகிறார்களா? விரிவாகப் பார்க்கலாம்.

படகுக்காரர்கள் கட்டிய கோயில்

ராயபுரத்துக்கும் தேவாலயத்துக்கும் உள்ள உறவு ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் ‘ராயப்பர்’ என்பார்கள். ராயப்பர் பெயரால் வந்ததே ராயபுரம் என்பது பரவலாகச் சொல்லப்படும் பெயர்க்காரணம். இங்குள்ள புனித ராயப்பர் ஆலயம் 19-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் படகுக்காரர்களின் முயற்சியில் எழுந்தது.

அப்போது சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நிற்கும். ஆட்களையும் சரக்கையும் மசூலா படகுகள் கரை சேர்க்கும். அலை அதிகமாக இருந்தால் கட்டுமரக்காரர்கள் கடிதத்தைத் தலையில் அணிந்த தொப்பிக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு கப்பலுக்கும் கரைக்கும் போய் வருவார்கள். அன்றைய ‘மெசேஜ் டெலிவரி’ அதுதான்.

இந்தப் பகுதி மக்களின் வேலை இன்றும் ஞாயிற்றுக்கிழமைக்குக் கட்டுப்பட்டதல்ல. காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போனவர் கரை திரும்பப் பல நாள் ஆகலாம். துறைமுகம், அனல்மின் நிலையம், மணலி சுத்திகரிப்பு ஆலை, திருவொற்றியூர் தொழிற்சாலைகள் எல்லாமே ஷிஃப்ட் கணக்கில் ஓடுபவை. நைட் ஷிஃப்ட் முடித்து வருபவருக்குக் காலை ஆராதனை நேரம் என்பது தூங்கும் நேரம். பெரும்பாக்கம், கண்ணகி நகர் போன்ற மறுகுடியமர்வுக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்ட குடும்பங்களுக்கோ பழைய கோயில் நகரத்தின் மறுமுனையில் இருக்கிறது.

கோயிலுக்கு வர மனமிருந்தும் வர முடியாதவர்கள் இவர்கள். டிஜிட்டல் தொடர்பு முதலில் தேவைப்படுவதும் இவர்களுக்குத்தான்.

இது புதுசு இல்லை

தொழில்நுட்பத்தைக் கண்டு தேவாலயம் ஒதுங்கி நின்றதாக வரலாறு இல்லை. இந்தியாவில் அச்சான முதல் தமிழ் நூல் ‘தம்பிரான் வணக்கம்’. 1578-ல் கொல்லத்தில் அச்சான 16 பக்கச் சிறுநூல் அது. அந்த அச்சு முயற்சிக்குப் பணம் கொடுத்து உதவியவர்கள் முத்துக்குளித்துறை கடற்கரை மக்கள். பிறகு 18-ம் நூற்றாண்டில் தரங்கம்பாடி அச்சகம். 1931-ல் வத்திக்கான் வானொலி. அதன்பின் மணிலாவிலிருந்து சிற்றலையில் வந்த ரேடியோ வெரித்தாஸ் தமிழ்ப் பணி. கடிதம் எழுதிப் போடும் நேயர்கள் அதற்கு ஏராளம். அந்தச் சிற்றலை ஒலிபரப்பு 2018 ஜூன் இறுதியோடு நின்று, இணையத்துக்கு மாறியது.

ஆனாலும் பெரும்பாலான பங்குகளுக்கும் சபைகளுக்கும் லைவ் என்பது 2020-ல் வந்த கட்டாயம். மார்ச்சில் ஊரடங்கு. ஏப்ரல் 12 ஈஸ்டர் ஆளில்லாத கோயில்களில் நடந்தது. தமிழகத்தில் எல்லா வழிபாட்டுத் தலங்களும் திறக்க செப்டம்பர் 1 ஆனது. அடுத்த ஆண்டு இரண்டாவது அலைக்குப் பிறகு, வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும் மக்களுக்கு அனுமதி இல்லை என்ற கட்டுப்பாடு அக்டோபர் நடுப்பகுதி வரை நீடித்தது. வாரத்தில் நாலு நாள் திறந்திருந்தும் ஞாயிறு மூடல் என்றால், தேவாலயத்துக்கு அது கிட்டத்தட்ட முழு மூடல்தான்.

அப்போது செல்போனைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து லைவ் போட்ட இளைஞர்கள்தான் இன்று பல இடங்களில் ‘மீடியா டீம்’. கோயில்கள் திறந்த பிறகும் லைவ் தொடர்ந்தது. அது யாருக்காக என்ற கேள்வி மட்டும் கேட்கப்படவில்லை.

ஆன்லைனில் எது முடியும், எது முடியாது?

கத்தோலிக்கத் திருச்சபையின் நிலைப்பாடு இதில் தெளிவு. ‘திருச்சபையும் இணையமும்’ என்று 2002-ல் வத்திக்கான் வெளியிட்ட ஆவணம், இணையத்தில் திருவருட்சாதனங்கள் இல்லை என்கிறது. வீடியோ காலில் பாவசங்கீர்த்தனம் செய்ய முடியாது. திரையில் திருப்பலி பார்ப்பது நோயாளிக்கு ஆறுதல் தரலாம், நற்கருணை வாங்கியதாகாது. 2023 மே மாதம் சமூக ஊடகம் பற்றி வத்திக்கான் வெளியிட்ட இன்னொரு ஆவணமும் ‘உணவைத் திரை வழியாகப் பகிர முடியாது’ என்ற அதே தளத்தில்தான் நிற்கிறது.

புராட்டஸ்டன்ட் சபைகளிடையே ஒரே நிலைப்பாடு இல்லை. கொரோனா காலத்தில் சில சபைகள், வீட்டிலேயே அப்பமும் ரசமும் வைத்துக்கொள்ளச் சொல்லி ஆன்லைனில் திருவிருந்து நடத்தின. சில சபைகள் கோயில் திறக்கும்வரை காத்திருந்தன.

நடைமுறையில் இதன் அர்த்தம் எளிது. லைவ் என்பது ஞாயிறுக்கு மாற்று அல்ல. ‘படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவர் நம் லைவைப் பார்க்கிறார்’ என்று தெரிந்தால், அது பங்குத்தந்தையோ ஆயரோ அந்த வீட்டுக்கு நேரில் போகவேண்டும் என்பதற்கான தகவல். அப்படிப் பயன்பட்டால்தான் லைவுக்கு மதிப்பு.

வியூஸ் எண்ணிக்கையை நம்பலாமா?

ஓரளவுக்கு மட்டும். ஒருவர் சில நொடி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாலும் எண்ணிக்கை கூடுகிறது. யூடியூப் ஸ்டுடியோவில் ‘சராசரி பார்வை நேரம்’ என்று ஒன்று இருக்கும். மீடியா டீம் பார்க்கவேண்டியது அதை. ஒன்றரை மணி நேர ஆராதனையை மக்கள் சராசரியாக நாலு நிமிடம்தான் பார்க்கிறார்கள் என்றால், லைவோடு சேர்த்து பிரசங்கத்தை மட்டும் தனியாக வெட்டிக் கொடுப்பது பயனுள்ளது.

வடசென்னைக்கு இன்னொரு கணக்கும் முக்கியம். ஒரு மணி நேர வீடியோ சில நூறு எம்.பி. டேட்டா சாப்பிடும். பத்து நிமிட ஆடியோ சில எம்.பி.தான். வீட்டுக்கு ஒரே ஸ்மார்ட்போன், அதுவும் பிள்ளையின் படிப்புக்கு என்றிருக்கும் குடும்பங்களுக்கு ஆடியோதான் ஒத்துவரும். கரையிலிருந்து சில கடல் மைல் தாண்டினால் படகில் சிக்னல் கிடையாது. கிளம்பும் முன் இறக்கி வைத்துக்கொண்ட ஆடியோவை நடுக்கடலிலும் கேட்கலாம். ஷிஃப்ட்டுக்குப் போகிறவர் கம்பெனி பஸ்ஸில் கேட்கலாம்.

பாட்டு விஷயத்திலும் கவனம் தேவை. இந்தியச் சட்டப்படி, எழுதியவர் இறந்து 60 ஆண்டு கடந்த பாடல் வரிகளுக்குக் காப்புரிமை இல்லை. 1864-ல் மறைந்த வேதநாயகம் சாஸ்திரியார், 1900-ல் மறைந்த எச்.ஏ.கிருஷ்ணபிள்ளை ஆகியோரின் கீர்த்தனைகளைப் பாடத் தடை இல்லை. ஆனால் அதே கீர்த்தனைக்கு இன்னொருவர் இசையமைத்துப் பதிவுசெய்த டிராக்கை ஓடவிட்டால், யூடியூப் அதைக் கண்டுபிடித்து லைவை நிறுத்தவும் வாய்ப்புண்டு. சொந்தப் பாடகர் குழு பாடுவதே பாதுகாப்பு.

எந்த வேலைக்கு எந்தக் கருவி?

பெரும்பாலான தேவாலயங்கள் எல்லாவற்றையும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் போடுகின்றன. காலை வணக்கப் படம், பிறந்தநாள் வாழ்த்து, யாரோ அனுப்பிய ஃபார்வர்ட்... இவற்றுக்கு நடுவே ‘நாளை மாலை அடக்கம்’ என்ற அறிவிப்பு காணாமல் போய்விடும். நாலு நாள் கழித்து, “எனக்கு யாருமே சொல்லலையே” என்று ஒருவர் வருத்தப்படுவார். கருவியைப் பிரித்துப் பயன்படுத்தினால் இது குறையும்.

*சேனல்:* இந்தியாவில் 2023 செப்டம்பரில் வந்தது. ஒருவழித் தொடர்பு. பின்தொடர்பவர்களின் எண் ஒருவருக்கொருவர் தெரியாது. ஆராதனை நேரம், திருவிழா, தவக்காலச் சிலுவைப்பாதை போன்ற பொது அறிவிப்புக்குப் பொருத்தம்.

*கம்யூனிட்டி:* பல குரூப்களை ஒரு குடைக்குள் கொண்டுவரும். அட்மின் மட்டும் பதிவிடும் அறிவிப்புப் பகுதி தனியாக இருக்கும். இளைஞர் குழு, பாடகர் குழு, பெண்கள் ஐக்கிய சங்கம் எல்லாம் இதற்குள் தனித்தனியாக இயங்கலாம்.

*குரூப்:* அதிகபட்சம் 1,024 பேர். உறுப்பினர்களின் எண் எல்லோருக்கும் தெரியும். இளம்பெண்கள் பலர் குரூப்பை விட்டு வெளியேற இதுவே காரணமாகலாம். ஒரு தெரு அல்லது ஒரு சிறு குழு அளவில் வைத்துக்கொள்வது நல்லது.

*பிராட்காஸ்ட்:* ஒரு பட்டியலில் 256 பேர் வரை. பெறுபவர் அனுப்புநரின் எண்ணை சேமித்திருந்தால்தான் மெசேஜ் போய்ச் சேரும். ‘அனுப்பிட்டோமே’ என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள், பலருக்குப் போயே இருக்காது.

*சாதா போன் கால்:* பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு இதைவிடச் சிறந்த தொழில்நுட்பம் இல்லை.

அன்பியம் என்ற பழைய நெட்வொர்க்

தமிழகக் கத்தோலிக்கப் பங்குகளில் ‘அன்பியம்’ என்ற அமைப்பு இருக்கிறது. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு சிறு குழு, அதற்கு ஒரு பொறுப்பாளர். பெந்தெகொஸ்தே சபைகளில் வீட்டுக் கூட்டம் கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்கிறது. மற்ற சபைகளில் பகுதிவாரி ஜெபக் குழுக்கள் உண்டு.

டிஜிட்டல் திட்டம் இதன்மேல்தான் நிற்கவேண்டும். ஒரு அன்பியத்துக்கு ஒரு சிறு குரூப். அதில் யார் இல்லை, யாரிடம் ஸ்மார்ட்போன் இல்லை என்பது பொறுப்பாளரின் நோட்டில் இருக்கவேண்டும். அறிவிப்பு வந்ததும் அந்த வீடுகளுக்கு அவர் போன் செய்வார், அல்லது கதவைத் தட்டுவார். நகரின் வேறு பகுதிக்குக் குடிமாறிய குடும்பங்களுக்கும் இப்படி ஒரு தனிக் குரூப் வைத்தால், அடுத்த திருவிழா வரை தொடர்பு அறாமல் இருக்கும்.

ஜெப விண்ணப்பம் யாருக்குத் தெரியணும்?

“ஃபாதர், எங்க அம்மாவுக்கு ஆபரேஷன். ஜெபம் பண்ணிக்கோங்க.” இப்படி ஒரு மெசேஜ் பங்குத்தந்தைக்கு வருகிறது. அவர் நல்லெண்ணத்தில் அதை அப்படியே குரூப்பில் போடுகிறார். பெயர், நோய், மருத்துவமனை எல்லாம் சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கானவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. குழந்தையின்மை, குடிப்பழக்கம், குடும்பச் சண்டை, கடன் பற்றிய விண்ணப்பம் என்றால்? அந்தக் குடும்பம் அதன்பின் கோயில் பக்கம் வரவே கூசும்.

‘குரூப்பில் போடலாமா?’ என்று முதலில் கேட்பதும், பெயரும் நோயும் இல்லாமல் ‘ஒரு சகோதரிக்காக’ என்று மட்டும் போடுவதும் எளிய தீர்வு.

இதில் சட்டமும் இருக்கிறது. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில் அமலுக்கு வருகின்றன. தனிநபர் தன் வீட்டுத் தேவைக்கு வைத்திருக்கும் தகவலுக்கு விலக்கு உண்டு. குடும்ப அட்டை விவரத்தை எக்ஸெலில் ஏற்றிவைத்திருக்கும் தேவாலயம் அந்த விலக்குக்குள் வரும் என்று நினைத்துக்கொள்ள முடியாது. 18 வயதுக்குட்பட்டோரின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதலும் வேண்டும். ஞாயிறு பள்ளிக் குழந்தைகளின் படங்களைப் பெயரோடு பேஸ்புக்கில் போடும் பழக்கத்தை இப்போதே நிறுத்துவது நல்லது.

காணிக்கையும் கியூஆர் கோடும்

உண்டியல் பக்கத்தில் கியூஆர் கோடு வந்துவிட்டது. அந்தக் கணக்கு தேவாலயத்தின் பெயரில் இருக்கவேண்டும், தனிநபர் எண்ணுக்கு அல்ல. ஸ்டிக்கரின் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டும் மோசடி கடைகளில் நடக்கிறது. வாரம் ஒருமுறை ஸ்கேன் செய்து, திரையில் வரும் பெயரைச் சரிபார்த்தால் போதும்.

போதகரின் படத்தை டிபியாக வைத்துக்கொண்டு, “அவசரம், ஐயாயிரம் அனுப்புங்க” என்று கேட்பது இன்னொரு மோசடி. ‘எங்கள் சபையில் யாரும் தனி மெசேஜில் பணம் கேட்க மாட்டோம்’ என்று ஆராதனையிலேயே ஒருமுறை அறிவித்துவிட்டால், பலரின் பணம் தப்பும். அட்மின்கள் வாட்ஸ்அப்பில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போடவேண்டும். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழைக்கவேண்டும்.

பலர் கவனிக்காத சிக்கல் வெளிநாட்டுப் பணம். லைவ் திரையில் கணக்கு எண் ஓடுகிறது. துபாயில் வேலை பார்க்கும் ஒருவர், இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர், தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடா குடியுரிமை பெற்றுவிட்ட உறவினர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. அதற்கு எஃப்சிஆர்ஏ அனுமதியும், டெல்லி எஸ்பிஐ முதன்மைக் கிளையில் தனிக் கணக்கும் கட்டாயம். ‘இந்தக் கணக்கு இந்தியக் குடிமக்களுக்கு மட்டும்’ என்ற ஒரு வரியை லைவ் திரையில் சேர்ப்பது அவசியம்.

நள்ளிரவில் மணி அடிக்கலாமா?

மீண்டும் எண்ணூருக்கு வருவோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம், எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய்க் கசிவு, அமோனியா கசிவு என மூன்றும் ஒரே மாதத்தில் வந்தன. இங்கே தகவல் தொடர்பு உயிர் சம்பந்தப்பட்டது.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. ஆனால் 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளே ‘பொது அவசர நிலை’க்கு விலக்கு தருகின்றன. எல்லோரும் தூங்கும் நேரத்தில், சைலன்ட்டில் கிடக்கும் போனைவிட ஆலய மணியும் மைக்கும் வேகமாக வேலை செய்யும்.

ஆனால் என்ன சொல்வது என்பதுதான் சிக்கல். வாயு கசிந்தால் எந்தப் பக்கம் போவது என்பது காற்றின் திசையைப் பொறுத்தது. “வடக்கே ஓடுங்க” என்று யாரோ அனுப்பிய ஃபார்வர்டை மைக்கில் படித்தால், மக்களை ஆபத்துக்குள்ளேயே அனுப்பியதாகிவிடும். அதனால் முன்கூட்டியே முடிவுசெய்யவேண்டியவை சில. அவசர அறிவிப்பை வெளியிடும் உரிமை இரண்டே பேருக்கு. காவல்துறை, தீயணைப்புத் துறை, மாவட்ட நிர்வாகம் ஆகிய இடங்களில் உறுதிசெய்யாமல் எதுவும் போகாது. 112, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாநகராட்சி 1913 ஆகிய எண்கள் ஆலய நோட்டீஸ் போர்டிலும் குரூப் விளக்கத்திலும் இருக்கவேண்டும்.

தெருவில் கிறிஸ்தவர்கள் மட்டும் குடியிருப்பதில்லை. மீனவப் பஞ்சாயத்து, பக்கத்துக் கோயில், பள்ளிவாசல் பொறுப்பாளர்களின் எண்கள் அந்த இரண்டு பேரிடமும் இருந்தால், தகவல் மத எல்லை பார்க்காமல் போய்ச் சேரும்.

எங்கிருந்து தொடங்குவது?

புது கேமராவும் எல்இடி திரையும் வாங்குவதற்கு முன், செலவே இல்லாத ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு அன்பியத்திலும், ஜெபக் குழுவிலும் மூன்று பட்டியல் எடுப்பது. ஸ்மார்ட்போன் இல்லாத வீடுகள். ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகிறவர்கள். உதவி இல்லாமல் வெளியேற முடியாத முதியோர், மாற்றுத்திறனாளிகள், படுக்கை நோயாளிகள்.

முதல் பட்டியலுக்கு போன் கால். இரண்டாவது பட்டியலுக்கு ஆடியோவும், வார நாளில் ஒரு மாலை ஆராதனையும். மூன்றாவது பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் எதிரே, ராத்திரி எந்த நேரத்திலும் போய்க் கதவைத் தட்டக்கூடிய பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரின் பெயர். இந்தப் பட்டியலை குரூப்பில் போடக்கூடாது. பொறுப்பாளரின் நோட்டில் இருந்தால் போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால், அடுத்த புயல் சீசன் வரும்போது அது தயாராக இருக்கும்.